குங்குமக் கலரில் ஒரு பார்கோடு

ஸ்ரீவித்யாவுக்கு எதைப் பார்த்தாலும் தப்புக் கண்டுபிடிக்கிற வியாதி. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பாயசம் எப்போது வரும் என்று இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் எதிர்ச் சுவர் பேனரில் மாப்பிள்ளையின் கன்னம் பச்சையடித்துக் கிடப்பதைப் பார்த்து முகம் சுளிப்பாள். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டின் பின்பக்க விளம்பரத்தில் எழுத்து ஓரத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது என்பாள். கணவன் வெங்கடகிருஷ்ணன் பள்ளிக்கூட வாத்தியார். நாள் முழுக்கத் திருத்துவதே பிழைப்பான அவனே, வீட்டுக்கு வந்தால் நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன், உனக்குத்தான் மூடியே கிடையாது என்று கேலி செய்வான்.

இந்த வியாதிக்குத்தான் பாபநாசத்தில் முகம்மது யூசுப்பின் ஆப்செட் பிரஸ்ஸில் பதினொரு வருஷமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து எந்த ஃபைல் வந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பி அச்சுத் தகடான பிளேட்டுக்குப் போகாது. ஃபாண்ட் கூடவே வந்திருக்கிறதா, படம் பெரிதாக்கினால் உடையுமா, வெட்டுகிற ஓரத்துக்கு வெளியே கலர் மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். திரையில் இருக்கிறவரை எதையும் மாற்றலாம். பிளேட் போட்டு மெஷின் ஓடிவிட்டால் அழிக்க ரப்பர் கிடையாது. பதினொரு வருஷத்தில் அவள் பார்த்து அனுப்பிய ஒரு பிளேட்டைக்கூடத் திரும்பப் போட்டதில்லை. இதை அவளாக யாரிடமும் சொல்ல மாட்டாள். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

அன்று பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. பிரஸ்ஸுக்குப் போகிற வழியில் சூப்பர் மார்க்கெட்டில் ஊதுபத்தி வாங்க நின்றாள். கல்லாவில் இருந்தவள் ஃபஹ்மிதா, தெரிந்த பெண். ஸ்கேனரை ஊதுபத்திப் பாக்கெட்டின் மேல் மூன்று தடவை காட்டினாள். சத்தம் வரவில்லை. பிறகு பாக்கெட்டைத் திருப்பி, கோடுகளுக்குக் கீழே இருந்த நம்பரை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தாள். ஸ்ரீவித்யா சும்மா இருக்க மாட்டாமல், என்ன கோளாறு என்று கேட்டு வைத்தாள்.

"இது ஏறாதுக்கா. கோட்ட செவப்புல அடிச்சிருக்கான். இந்த மெஷினுக்கு செவப்பு தெரியாது" என்றாள் ஃபஹ்மிதா.

ஸ்ரீவித்யாவுக்குத் தான் பார்த்து அனுப்பிய ஒரு லேபிள் ஞாபகம் வந்தது. மீதிச் சில்லறையை வாங்காமலே அவள் வெளியே வந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் காத்தாயி பிரஸ்ஸுக்கு வந்திருந்தாள். குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமம். ஐம்பது வயதைத் தாண்டியவள். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழுவுக்கு அவள்தான் தலைவி. அவர்களுடைய அம்மாக்கள் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். இவர்கள் கொஞ்சம் சொந்தமாகவும் கொஞ்சம் குத்தகையாகவும் நிலத்தைப் பிடித்து, இந்தச் சம்பாவில் தூயமல்லி என்கிற பாரம்பரிய நெல் போட்டிருந்தார்கள். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். இந்தத் தடவை காத்தாயிதான் குறுக்கே விழுந்து தடுத்தாள். நாமே அரைத்து, நாமே பாக்கெட் போட்டு, நம் பெயரிலேயே விற்போம் என்றாள். மற்ற பதினொரு பேரையும் ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். திருச்சியில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடை, மூவாயிரம் ஒரு கிலோ பாக்கெட்டைச் சோதனைக்கு எடுத்துப் பார்க்கிறோம் என்றிருந்தது. சனிக்கிழமை காலை அவர்களுடைய குடோனில் சரக்கு இறங்க வேண்டும். அங்கே ஸ்கேன் ஆகாவிட்டால் லோடு அப்படியே திரும்பி வந்துவிடும். இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. குழுவில் கடையோடு பேசுகிறவள் செம்மொழி என்ற படித்த பெண். அவள் இந்த நிபந்தனையை ஸ்ரீவித்யாவிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

லேபிள் ஃபைலை அனுப்பியதும் செம்மொழிதான். பச்சைக் கரை, கறுப்பு எழுத்து, கீழே கறுப்புப் பார்கோடு. அன்று செம்மொழியோடு வந்து, திரையில் அதைப் பார்த்த காத்தாயி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"முத முதல்ல வெளியூரு போவுது. எழுத்துல கறுப்பு வேணாம்மா. குங்குமக் கலர்ல போடுங்க."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு எவரும் கறுப்பு மையில் அடிக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையோ கடைத் திறப்போ, கறுப்பைக் கண்டால் வாடிக்கையாளர் முகம் சுருங்கிவிடும். அதற்கென்றே ஸ்ரீவித்யா கம்ப்யூட்டரில் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். ஒரே அமுக்கு. ஃபைலில் எங்கெங்கே கறுப்பு இருக்கிறதோ அத்தனையும் குங்குமமாகிவிடும். அன்றும் அமுக்கினாள். எழுத்தோடு சேர்ந்து கோடுகளும் சிவந்தன. காத்தாயி அந்தக் கோடுகளைக் காட்டி, இது என்னவோ எனக்குத் தெரியாது, இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள்.

ஸ்ரீவித்யாவின் கை கோடுகளைத் திரும்பக் கறுப்பாக்கத்தான் போனது. போன கை நின்றுவிட்டது. பச்சைக் கரைக்குள் எல்லாமே குங்குமமாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கலருக்கு ஒரு பிளேட் வேண்டும், ஒரு சின்னச் சதுரத்துக்காகத் தனியே கறுப்புப் பிளேட் போடுவானேன் என்றும் தோன்றியது. செல்ஃபோனை எடுத்துத் திரையின் மேல் காட்டினாள். உடனே டிங் என்று நம்பர் வந்தது. அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? மாதிரித் தாளான ப்ரூஃபில் காத்தாயியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சரி என்று குறித்து அனுப்பிவிட்டாள்.

செல்ஃபோன் நம் கண் மாதிரி எல்லாக் கலரையும் பார்க்கும். கல்லா மெஷினிலிருந்து வருவது வெறும் சிவப்பு வெளிச்சம். தேர்த் திருவிழாவில் விற்கிற சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைக் கண்ணில் வைத்துக்கொண்டு சிவப்பு எழுத்தைப் பார்த்தால் காகிதம் வெறுமையாகத் தெரியும். ஏழு வயசில் தெரிந்த சங்கதி. முப்பத்தெட்டு வயசில், அதே பிழைப்பாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு மறந்துபோனது.

பிரஸ்ஸில் கழிவுக் கூடையைக் கவிழ்த்து, மிஞ்சிக் கிடந்த லேபிள் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு திரும்பவும் கடைக்கு ஓடினாள். ஃபஹ்மிதா காட்டினாள். நேராக, சாய்த்து, தள்ளி, கிட்ட வைத்து, ஆறு தடவை காட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற ஆள் தொண்டையைக் கனைத்தார். ஃபஹ்மிதா லேபிளைத் திருப்பிக் கொடுத்தாள்.

முகம்மது யூசுப் நல்ல மனிதர். கத்தவில்லை. லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சரக்கு எப்போது கிளம்புகிறது என்று கேட்டார். சாயங்காலம் ஐந்துக்கு என்றதும், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கறுப்பில் சின்ன ஸ்டிக்கராக மூவாயிரம் அடித்துவிடலாம், மேலே ஒட்டிக்கொள்ளட்டும், காசு வாங்க வேண்டாம் என்றார். ஸ்ரீவித்யாவுக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது. ஆனால் அதற்குள் அவர் செம்மொழிக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, காத்தாயிம்மா கறுப்பு வேணாம்னு கேட்டாங்கல்ல, அந்த மாதிரி போட்டது மெஷின்ல ஏறாதாம். ஸ்டிக்கர் குடுத்து விடறோம், ஒட்டிருங்க."

ஃபோனை வைத்துவிட்டு ஸ்ரீவித்யாவைப் பார்த்து, ப்ரூஃபில் அந்தம்மா கையெழுத்து இருக்கிறது, பிரஸ் பெயர் கெட வேண்டாம் பார் என்று சமாதானம்போலச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. கறுப்பு வேண்டாம் என்று காத்தாயி கேட்டது உண்மை. கோடுகளுக்குக் கேட்கவில்லை என்பது மட்டும் அதில் விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் பக்கத்திலேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

ஸ்டிக்கர் அடித்து முடிவதற்குள் அவள் மூன்று தடவை காப்பி போட்டு மூன்று தடவையும் ஆறவிட்டாள். முதல் தாளை எடுத்துக்கொண்டு ஃபஹ்மிதாவிடம் போனாள். டிங் என்றது. பத்தாவது தாளை எடுத்துக்கொண்டு போனாள். டிங். முப்பதாவது தாளோடு போனபோது, போதும்க்கா, நல்லாத்தான் இருக்கு என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். ஸ்டிக்கர் கட்டை எடுத்துப் போக டெம்போக்காரன் வருகிறான், நீ ஏன் அலைகிறாய் என்று யூசுப் கேட்டதற்கு நானே போகிறேன் என்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கூட்டியில் முன்னால் கட்டை வைத்துக்கொண்டு வலங்கைமான் வழியாகப் போனாள். நெல் அறுத்த வயலில் உளுந்து காய்த்து நின்றது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போக, அதன் பின்னால் ஊர்ந்தபடி அவள் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தாள். எங்க பக்கத்துலயும் கொஞ்சம் கவனக்குறைவு. இது நன்றாக இல்லை. ரெண்டு பக்கமும் பாக்காம விட்டுட்டோம். இது இன்னும் மோசம். பேசாமல் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதுதான் எல்லாவற்றிலும் சுருக்கமாக இருந்தது. டிராக்டர் ஒதுங்கியதும் ஹார்ன் அடித்துக்கொண்டே விரைந்தாள்.

கிராமத்துச் சமுதாயக் கூடத்தில்தான் பாக்கெட் வேலை நடந்தது. அவள் போனபோது மணி இரண்டு. அட்டைப் பெட்டிகளின் வாயையெல்லாம் பிரித்துப் போட்டு, உளுந்து பறிக்கப் போன பெண்களையும் பாதியில் கூப்பிட்டு, பன்னிரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டிக்கர் கட்டைப் பிரித்ததும் ஆளுக்கு ஒரு கத்தை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார்கள். வழக்கமாக நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கும் காத்தாயி இன்று சுவரோரமாகத் தனியே இருந்தாள். தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்செல்லாம் அவளைச் சுற்றித்தான். பேர் சொல்லாமல் பேசினார்கள். அது பேர் சொல்வதைவிடச் சுருக்கென்று தைத்தது. கொள்முதல் நிலையத்தில் போட்டிருந்தால் தை மாசமே வேலை முடிந்திருக்கும் என்றாள் ஒருத்தி. இன்றைக்கு உளுந்துக் கூலியும் போச்சு என்றாள் இன்னொருத்தி. குழுவிலிருந்த பக்கிரி என்பவனின் மனைவிக்கு நாக்கு நீளம்.

"கறுப்பு வேணாம் கறுப்பு வேணாம்னு பிரஸ்ஸு வரைக்கும் போயி சொல்லிட்டு வந்துச்சு. இப்ப மூவாயிரம் கறுப்ப நம்ம கையாலயே ஒட்டறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். காத்தாயி எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஸ்ரீவித்யாவிடம் நீட்டினாள். என்னால் உங்களுக்கு எவ்வளவு அலைச்சல், விவரம் தெரியாமல் கலர் கேட்டுவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னாள். ஸ்ரீவித்யா தண்ணீரைக் குடித்தாள். ஐந்து மணிக்கு லாரி போய்விடும், எல்லாம் மறந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறக்காது. செம்மொழி ஒட்டிக்கொண்டே நல்ல குரலில்தான் பேசினாள். இனிமேல் லேபிள், கடை, வெளி வேலை எதுவும் காத்தாயிம்மா தனியாக முடிவு பண்ண வேண்டாம், அடுத்த கூட்டத்தில் இதை எழுதி வைத்துவிடலாம் என்றாள். ஒவ்வொரு தலையாக ஆடியது. காத்தாயியும் தலையாட்டினாள். தப்பு என்றால் அது நம் பக்கத்தில்தான் இருக்கும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள்போல, கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டாள். அதைத்தான் ஸ்ரீவித்யாவால் பார்க்க முடியவில்லை.

"காத்தாயிம்மா கேட்டது எழுத்துக்குத்தான்" என்றாள். "கோட்ட செவப்பாக்குனது நான்."

கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி ஓடின. பக்கிரியின் மனைவி, விடுங்கம்மா, நீங்க நல்லவங்க என்று சிரித்தாள். செம்மொழி ஒரு தாளை உரித்துக்கொண்டே புன்னகை செய்தாள். காத்தாயியின் கண் கலங்கிவிட்டது. அவள் ஸ்ரீவித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காவ பழிய நீங்க ஏத்துக்காதீங்க வித்யாம்மா. ஒங்க பெரியப்பா நெலத்துலதான் எங்கம்மா நடவு நட்டுச்சு. அப்பேலேருந்து ஒங்க வீட்ல எல்லாருக்கும் எளகுன மனசு."

பெரியப்பா நாகேஸ்வரனுக்கு இளகின மனசு என்று அவர் சொந்த வீட்டில்கூட யாரும் சொன்னதில்லை. அவர் நிலத்தை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போனபோது ஊரில் எவரும் அழவில்லை. ஆனால் இப்போது அதுவா முக்கியம்? உண்மையைச் சொல்லியாயிற்று. ஒருவரும் நம்பவில்லை. நம்பாததோடு மரியாதையும் கூடிவிட்டது. குற்றவாளிக்கு இதைவிடச் சௌகரியமான இடம் எங்கே கிடைக்கும்? இப்படியே கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தால் மனச்சாட்சியும் வாயை மூடிக்கொள்ளும். ஸ்ரீவித்யாவுக்கு அந்த ஆசை வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் திரையின் முன் வந்த அதே ஆசைதான், அழகாக இருக்கிறதே, விட்டுவிடலாமே என்று. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கையை விடுவித்துக்கொண்டு செம்மொழியிடம் போனாள். நீங்கள் எனக்கு முதலில் அனுப்பிய ஃபைலை உங்கள் ஃபோனில் திறங்கள் என்றாள். செம்மொழி விரலில் ஒட்டிய பசையைத் துடைத்துவிட்டு, புரியாமல் தேடித் திறந்தாள். கறுப்பு எழுத்து, கறுப்புக் கோடுகள். ஸ்ரீவித்யா தன் ஃபோனில் பிளேட்டுக்குப் போன ஃபைலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். எல்லாம் குங்குமம்.

"அன்னிக்கி நீங்களும்தானே கூட இருந்தீங்க. எழுத்துக்குக் குங்குமக் கலர் கேட்டாங்க. கோட்டப் பத்தி என்ன சொன்னாங்க? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

செம்மொழி இரண்டு ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள். படித்த பெண், யோசிக்காமல் பேச மாட்டாள். அவளுக்கு நினைவு வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

"அது தனக்குத் தெரியாது, நீங்க பாத்துக்குங்கன்னு சொல்லிச்சு" என்றாள்.

கூடத்தில் ஒட்டுகிற சத்தம் நின்றது. ஸ்ரீவித்யா நின்றுகொண்டே மீதியையும் சொன்னாள். பார்க்க அழகாக இருந்ததால் விட்டுவிட்டதை, ஒரு பிளேட் மிச்சம் என்று நினைத்ததை, செல்ஃபோனில் மட்டும் சோதித்துவிட்டுக் கடை மெஷினில் சோதிக்காததை, காலையில் யூசுப் ஃபோனில் பேசியபோது பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றதை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறருடைய ஃபைலில் தப்பைக் காட்டும்போது குரல் எவ்வளவு தெளிவாக வரும்! இன்று நடுங்கியது. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

பக்கிரியின் மனைவி முதலில் ஃபோன்களை வாங்கிப் பார்த்தாள். அவளிடமிருந்து பக்கத்தில் இருந்தவள். அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசியில் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. காத்தாயி கறுப்பை ஒரு கையிலும் சிவப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, தூரத்தில் வைத்தும் கிட்ட வைத்தும் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப எம்மேல இல்ல" என்றாள்.

காத்தாயி எழுந்தாள். இரண்டு ஃபோனையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கிரியின் மனைவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எம்மேல இல்லடி. நல்லா பாத்துக்க. எம்மேல இல்ல."

குரல் உடைந்தது, சிரிப்பும் வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அடுத்தவளிடம் போய் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளிடமும் சொன்னாள். ஸ்ரீவித்யாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. உட்காருங்கள் என்று மற்றவர்களும் சொல்லவில்லை. லாரிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஸ்ரீவித்யா ஸ்டிக்கர் கட்டிலிருந்து ஒரு கத்தையை எடுத்துக்கொண்டு, வாசல் ஓரமாக இருந்த ஒரு பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தாள்.